ஒளி காட்டிக்கொடுக்கும் காசநோய்: பரிசோதனைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உலக காசநோய் நாளையொட்டி ஒரு மாவட்ட மைய நூலகத்தில், கல்லூரி மாணவர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், இ-சேவை மையப் பணியாளர்கள் முன்பு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



முதல்லயே ஒன்று சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசின் சேவைகளை மக்களுக்குப் புரியும்படி எழுதுவது என் வேலை. இன்றைக்கு நான் பேசப்போவது ஒரே ஒரு பரிசோதனையைப் பற்றி. உங்கள் சளியில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கிற பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், இருமலோடு மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைகிறவர்கள் நம்ம தெருவிலேயே இருக்காங்க.

இந்த அலைச்சல்தான் ஆபத்து. இரண்டு வாரம் இருமல் மருந்து, அப்புறம் வேற கலர்ல இன்னொரு மருந்து, அப்புறம் ஒரு ஊசி. இப்படியே இரண்டு மாதம் போயிடும். அதற்குள் நுரையீரல் கெட்டுப்போகும், எடை குறையும், வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் காற்று வழியாகக் கிருமி போய்ச் சேரும். உலகில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இது குணமாகிற நோய்தான். இருந்தும் உயிர் போகிறது என்றால், அதற்கு ஒரு முக்கியக் காரணம் தாமதமாகக் கண்டுபிடிப்பது.

கிருமியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1882ஆம் ஆண்டு மார்ச் 24. ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் ராபர்ட் கோக் என்கிற விஞ்ஞானி, காசநோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலக காசநோய் நாள். அப்போதிருந்து நூறு ஆண்டுக்கும் மேலாக நம்முடைய முக்கியக் கருவி மைக்ராஸ்கோப். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, கண்ணால் தேடுவார்கள். இன்றைக்கும் அது பயன்படுகிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். நோயின் தொடக்கத்தில் இருக்கிறவருக்கு அவ்வளவு இருக்காது. "சளியில ஒண்ணும் இல்லை"னு ரிசல்ட் வந்துடும்.

இன்னொரு வழி, சளியிலிருந்து கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. கல்ச்சர் என்பார்கள். இது மிகத் துல்லியமானது. ஆனால் காசநோய்க் கிருமி மெதுவாகத்தான் வளரும். ரிசல்ட் வர 2 முதல் 8 வாரம் ஆகலாம். அதுவரை அந்தக் குடும்பம் காத்திருக்க முடியுமா?

இங்கேதான் டி.என்.ஏ. பரிசோதனை வருகிறது.

டி.என்.ஏ. என்பது ஒவ்வோர் உயிருக்கும் உள்ளே இருக்கிற எழுத்துச் சரம். நம்ம தமிழுக்கு 247 எழுத்து. டி.என்.ஏ.வுக்கு நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. இதில் ஏ எப்போதும் டியோடுதான் சேரும், ஜி எப்போதும் சியோடுதான் சேரும். காசநோய்க் கிருமிக்கு மட்டுமே உரிய சில வரிகள் அந்தச் சரத்தில் உண்டு. அந்த வரிக்குச் சரியான ஜோடியை ஆய்வகத்தில் தயாரித்து, அதைத் தூண்டிலாகச் சளிக்குள் விட்டால், கிருமியின் டி.என்.ஏ. இருந்தால் வந்து ஒட்டிக்கொள்ளும். சரி, ஒட்டிக்கொண்டது நமக்கு எப்படித் தெரியும்? அதைக் காட்டிக்கொடுப்பது ஒளி. இந்த மாதிரி, தூண்டிலும் ஒளியும் சேர்ந்து வேலை செய்கிற கருவிக்குப் பொதுப்பெயர் ஒளியியல் உயிர் உணரி. ஆங்கிலப் பெயரைச் சொன்னால் ஆப்டிக்கல் பயோசென்சார்.

ஒரு உதாரணம் சொல்றேன். கொல்லிமலைக்குப் போனவங்களுக்குக் கொண்டை ஊசி வளைவு தெரியும். அதே கொண்டை ஊசி வடிவத்தில் மடங்கியிருக்கிற ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அந்த ஒளியை அணைக்கும் இன்னொரு பொருள். மடங்கியிருக்கும்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இருட்டுதான். தனக்குரிய ஜோடி வரியைச் சந்தித்ததும் இந்தக் கொண்டை ஊசி விரிந்து, நேராகி, ஒட்டிக்கொள்ளும். சாயமும் அணைப்பானும் விலகும். விளக்கு எரியும். இதை 1996இல் அமெரிக்காவில் சஞ்சய் தியாகி, ஃபிரெட் கிராமர் என்கிற இருவரும் வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு டி.என்.ஏ. துண்டில் வருகிற ஒளி கருவிக்குப் போதாது. அதனால் முதலில் அந்த வரியைப் பல மடங்காக நகல் எடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர். இதுதான். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். இப்படி 30 சுற்று முடிந்தால் 100 கோடிக்கும் மேல். இப்போது விளக்கு நன்றாகவே தெரியும்.

இந்த முறையில் வந்த கருவியைத்தான் 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் காசநோய்க்குப் பரிந்துரைத்தது. நம்ம அரசு மருத்துவமனைகளில் அதன் பெயர் சிபிநாட். சளியை ஒரு மருந்தோடு கலந்து, சின்னக் கார்ட்ரிட்ஜுக்குள் ஊற்றிக் கருவியில் வைத்தால், இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு. ஒரு மில்லியில் சுமார் 130 கிருமி இருந்தாலே இந்த முதல் வடிவம் கண்டுபிடித்துவிடும். மைக்ராஸ்கோப்புக்கு 5,000 வேண்டும் என்று சொன்னேன், ஞாபகம் இருக்குங்களா?

இன்னொரு கருவி ட்ரூநாட். இது நம்ம நாட்டுத் தயாரிப்பு. பெங்களூருவில் உருவாக்கப்பட்டு, கோவாவைச் சேர்ந்த நிறுவனம் தயாரிக்கிறது. பேட்டரியில் ஓடும் என்பதால், கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்திலும் பயன்படும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் இதையும் பரிந்துரைத்தது. இதுவும் ஒளிரும் சாயத்தை வைத்துத்தான் படிக்கிறது.

ரிப்போர்ட்டில் இரண்டு வரி

இந்தப் பரிசோதனை இரண்டு கேள்விக்குப் பதில் தேடுகிறது. உங்கள் கைக்கு வரும் ரிப்போர்ட்டிலும் இரண்டு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறைய. அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதல் வரி, எம்.டி.பி. டிடெக்டட் அல்லது நாட் டிடெக்டட். கிருமி இருக்கிறதா இல்லையா என்பது.

இரண்டாவது வரி, ரிஃப் ரெசிஸ்டன்ஸ். ரிஃபாம்பிசின் என்பது காசநோய்க்கான முக்கிய மருந்து. அது வேலை செய்யுமா செய்யாதா என்பதைச் சொல்கிற வரி இது. கிருமியின் ஒரு மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமிகளில் சுமார் 95 சதவீதம், இந்த 81 எழுத்துக்குள்தான் ஏதோ ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டிருக்கும். சிபிநாட்டின் முதல் வடிவத்தில் இந்தப் பகுதிமேல் ஐந்து கொண்டை ஊசிகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஐந்தும் எரிந்தால் வழக்கமான மருந்து கேட்கும். ஒன்று எரியாவிட்டால், அந்த இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது, மருந்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

"ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்" என்று இருந்தால் அது நல்ல செய்தி. பொதுவாக வழக்கமான 6 மாத சிகிச்சை போதும். "டிடெக்டட்" என்று இருந்தால் சிகிச்சை வேறு. அதற்கும் பதறிப்போய்விடாதீர்கள். தகுதியுள்ளவர்களுக்கு 6 மாதத்தில் முடிகிற, ஊசி இல்லாத மாத்திரைச் சிகிச்சைக்கு 2024இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. "எரர்", "இன்வேலிட்" என்று வந்தால் அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவியால் படிக்க முடியவில்லை என்றுதான் பொருள். இன்னொரு சளி கொடுத்தே ஆக வேண்டும்.

கருவி சாமர்த்தியசாலிதான், ஆனால்...

கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், குப்பியில் இருப்பதைத்தான் படிக்கும். குப்பியில் எச்சில் இருந்தால் எச்சிலைப் படித்துவிட்டு "இல்லை" என்று சொல்லிவிடும். பரிசோதனையில் நம்ம பங்கு இங்கேதான் இருக்கிறது. அதனால் சில குறிப்புகள்.

பொதுவாக இரண்டு மாதிரி கேட்பார்கள். ஒன்று அங்கேயே கொடுப்பது, இன்னொன்று மறுநாள் காலையில் எழுந்ததும் எடுப்பது. காலைச் சளியைத் தவறவிடாதீர்கள். இரவெல்லாம் சேர்ந்ததால் அதில் கிருமி அதிகம் இருக்க வாய்ப்பு.

எடுக்கும் முன் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமிச் சளியை எடுங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். 2 முதல் 5 மில்லி போதும். குப்பியின் உள்பக்கம் கை படக் கூடாது. மூடியை இறுக்கி மூடி, பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, சீக்கிரம் ஒப்படையுங்கள்.

முக்கியமா, இதைத் திறந்தவெளியில், ஆள் இல்லாத இடத்தில் செய்யுங்க. பாத்ரூமுக்குள்ளேயோ, வார்டு வராந்தாவிலோ வேண்டாம்.

குழந்தைகளுக்குச் சளியை வெளியே துப்பத் தெரியாது. விழுங்கிவிடுவார்கள். அதனால் குழந்தைகளின் மலத்திலிருந்தும் இந்த டி.என்.ஏ. பரிசோதனை செய்ய முடியும். "குழந்தைக்குச் சளி வரலைங்க, அதான் டெஸ்ட் பண்ணலை" என்று விட்டுவிட வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள்.

முன்பு எப்போதாவது காசநோய் வந்து குணமானவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். டி.என்.ஏ. பரிசோதனைக்கு, உயிரோடு இருக்கிற கிருமிக்கும் செத்துப்போன கிருமிக்கும் வித்தியாசம் தெரியாது. செத்த கிருமியின் துண்டுகள் சளியில் மிச்சம் இருந்தால்கூடச் சிலருக்கு விளக்கு எரிந்துவிடும். நீங்கள் சொன்னால்தான் டாக்டர் அடுத்து என்ன பரிசோதனை செய்யலாம் என்று முடிவெடுக்க முடியும். சிகிச்சை நடுவில் முன்னேற்றத்தைப் பார்க்க மைக்ராஸ்கோப்பையோ கல்ச்சரையோ பயன்படுத்துவதும் இதனால்தான்.

நெகட்டிவ் வந்த பிறகும் இருமலும் எடைக் குறைவும் தொடர்ந்தால் சும்மா இருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். கழுத்தில் கட்டி, முதுகெலும்பு, மூளை என்று நுரையீரலுக்கு வெளியேயும் காசநோய் வரும். அப்போது சளியில் தேடிப் பயனில்லை. அந்த இடத்திலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

தங்கத்தை வைத்தும் கண்டுபிடிக்கிறார்களாமே?

இங்கே அறிவியல் மாணவர்கள் இருக்கீங்க. செய்திகளிலும் வாட்ஸ்அப்பிலும் "அரை மணி நேரத்தில் டி.பி.யைக் கண்டுபிடிக்கும் சென்சார்" என்று பார்த்திருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

நகைக்கடைத் தங்கம் மஞ்சள். அதையே தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு சின்னத் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது சிவப்பு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமானால் ஊதா, நீலம் என்று நிறம் மாறும். இந்தத் துகளின்மேல் காசநோய் டி.என்.ஏ.வுக்கான தூண்டிலைக் கட்டி, உப்பு சேர்க்கிறார்கள். கிருமியின் டி.என்.ஏ. வந்து ஒட்டியிருந்தால் துகள்கள் விலகியே நிற்கும், சிவப்பு அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் உப்பு பட்டதும் ஒன்றுசேர்ந்து நிறம் மாறும். போர்ச்சுகல் விஞ்ஞானிகள் 2006இல் இந்த முறையைக் காசநோய்க்கு வெளியிட்டார்கள். இன்னொரு முறையில் மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஒளியைச் சாய்வாக அடிக்கிறார்கள். தகட்டில் இருக்கிற தூண்டிலில் டி.என்.ஏ. ஒட்டியதும், தங்கம் ஒளியை உறிஞ்சுகிற கோணம் லேசாக மாறும். அந்தச் சின்ன மாற்றத்தை அளக்கலாம். நகல் எடுக்காமலேயே, பெரிய கருவி இல்லாமலேயே, கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் செய்துவிட முடியுமா என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் கனவு.

அப்புறம் ஏன் இன்னும் வரவில்லை? சுத்தம் செய்த டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் ஊற்றிக் கண்டுபிடிப்பது ஒன்று. நோயாளியின் கெட்டிச் சளியில் கண்டுபிடிப்பது வேறு. காசநோய்க் கிருமிக்கு மெழுகு பூசின மாதிரி கடினமான சுவர். அதை உடைத்தால்தான் டி.என்.ஏ. வெளியே வரும். சளிக்குள் நம்ம சொந்த உடலின் டி.என்.ஏ. கிருமியினுடையதைவிட ஏராளமாக இருக்கும். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற உறவுக்காரக் கிருமிகளும் உண்டு, அவற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நமக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. உலகில் பல சென்சார்கள் ஐ.எஸ்.6110 என்கிற டி.என்.ஏ. வரியைத் தேடுகின்றன. பல நாட்டுக் கிருமிகளில் இந்த வரி பத்து, இருபது முறை திரும்பத் திரும்ப வரும். அதனால் பிடிப்பது சுலபம். ஆனால் தென்னிந்தியாவில் காணப்படும் கிருமிகளில் கணிசமானவற்றில் இது ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. சிலவற்றில் இல்லவே இல்லை. சென்னை ஆய்வாளர்கள் இதை 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் நம்பிச் செய்த கருவி, வெளிநாட்டில் நன்றாக வேலை செய்துவிட்டு நம்ம ஊர் நோயாளியைத் தவறவிடலாம். அதனால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நோயாளிகளின் சளியில் சோதித்தார்களா? எத்தனை பேரிடம்? நம்ம பகுதியில் சோதித்தார்களா?

இன்னொரு எச்சரிக்கை. ஒரு சொட்டு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்து காசநோயைச் சொல்கிற கிட்டுகளை 2012இலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. நோய் இருப்பவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் காட்டியதுதான் காரணம். யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் செல்போன் என்ன செய்யும்?

போன் நோயைக் கண்டுபிடிக்காது. ஆனால் நிறைய உதவும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக் குறைவு, சளியில் ரத்தம். இதில் ஏதாவது இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் "சளியில நாட் டெஸ்ட் எடுக்கணும்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள், வீட்டில் காசநோயாளி இருப்பவர்கள் இன்னும் சீக்கிரமாகப் போக வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104, அல்லது காசநோய்க்கான கட்டணமில்லா எண் 1800-11-6666.

நோய் உறுதியானால் நிக்‌ஷய் என்கிற அரசுத் தளத்தில் பதிவு செய்து ஓர் அடையாள எண் கொடுப்பார்கள். அதையும் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக வேறு ஊர் போனாலும் அந்த எண்ணைக் காட்டிச் சிகிச்சையைத் தொடரலாம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. இ-சேவை மைய நண்பர்களே, கணக்கு முடங்கிக் கிடப்பதால் இந்தப் பணம் நின்றுபோனவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஆதார் இணைப்பைப் பார்த்துக் கொடுங்கள்.

2022 முதல் நம் மாநிலத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் உறுதியானதும் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். உடல்நிலை மோசமாக இருந்தால் உடனே மருத்துவமனையில் சேர்ப்பார்கள். "மாத்திரை மட்டும் கொடுங்க, வீட்டுக்குப் போறேன்"னு அவசரப்படாதீங்க. முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. இரண்டு நிமிட வேலை, ஓர் உயிரைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒன்று. பலர் பரிசோதனைக்கு வராததற்குக் காரணம் தூரமோ பணமோ இல்லை. "தெரிஞ்சா வேலை போயிடும், பொண்ணு கல்யாணம் நின்னுடும்" என்கிற பயம். அந்தப் பயத்தை எந்தச் சென்சாராலும் போக்க முடியாது. நாம்தான் போக்க வேண்டும். 1950களின் இறுதியில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, காசநோயாளி வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்கே காட்டியது. நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை என்று சொன்ன ஊர் நம்ம ஊர். இன்றும் ஒருவரின் ரிப்போர்ட்டைக் குரூப்பில் ஃபார்வேர்ட் செய்கிறோம் என்றால் அது நியாயமா?

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, வேலை செய்யும் இடத்திலோ இரண்டு வாரமாக இருமுகிற ஒருவர் இப்போது உங்கள் நினைவுக்கு வந்திருந்தால், இன்று மாலையே அவரிடம் பேசுங்கள். நாளைக் காலைச் சளிக்கான குப்பியை வாங்கிக் கொடுங்கள். கூடவே போங்கள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மருத்துவக் கேள்விகளுக்கு இங்கே வந்திருக்கும் காசநோய்ப் பிரிவு அலுவலர் பதில் சொல்வார்.